கடன் அறிக்கையில் வாடகைப் பாக்கி ஏறினால் என்ன செய்வது?

நீங்கள் கடன்களையும் பாக்கிகளையும் எப்படிக் கட்டிவந்தீர்கள் என்பதைக் காட்டும் கடன் அறிக்கையில் (credit report) வாடகைப் பாக்கி என்று ஒரு வரி ஏறியிருந்தால், பதறிப்போய் உடனே பணத்தைக் கட்டிவிடாமல், அது எந்த மாதத்துக்கான தொகை, அதைத் தெரிவித்தவர் வீட்டு உரிமையாளரா வசூல் நிறுவனமா என்பதை முதலில் நிதானமாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை மாதவாரியாக அடுக்கி, அந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். வீட்டைக் காலி செய்த பிறகான மாதத்துக்கும் வாடகை எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், சாவியை ஒப்படைத்த நாளுக்கான எழுத்துச் சான்று மிகவும் முக்கியம்.

தவறு தெரிந்தால், அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் தகவல் தந்தவருக்கும் சான்று நகல்களுடன் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவியுங்கள். மறுப்பை அவர்கள் விசாரித்து முடிப்பதற்கான கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டத்தில் விசாரணைக்குப் பொதுவாக 30 நாட்கள்.

பாக்கி உண்மையாக இருந்தால், தவணை உடன்பாட்டை எழுத்தில் பெற்ற பின்னரே கட்டத் தொடங்குங்கள்.

கூரை ஒழுகியதைச் சரிசெய்யாததால் நிறுத்திவைத்த வாடகையும், கட்ட முடிந்தும் கட்டாத வாடகையும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரிவது நியாயமல்ல என்றே கருதுகிறேன். வழக்கில் இருக்கும் தொகை, தீர்ப்புக்கு முன் பதிவாகவே கூடாது என்பதும் என் கருத்து. ஒழுங்காகக் கட்டும் மாதங்களும் பதிவாகுமா என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உரிமையாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.