ஆலய வளாகத்தில் வீடற்றோர் கூடார முகாம்: வாஷிங்டன் மாநிலத்தில் நகர அனுமதி பெறும் முறை

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கிறித்தவ ஆலயம் தன் வாகன நிறுத்துமிடத்தையோ புல்வெளியையோ வீடற்றோர் சில மாதங்கள் கூடாரமடித்துத் தங்குவதற்குக் கொடுக்க முடிவு செய்தால், ஆலயக் குழுவில் முதலில் எழும் கேள்வி, 'நகர நிர்வாகம் இதற்குச் சம்மதிக்குமா?' என்பதே. இடம் கொடுக்கும் உரிமையை மாநிலச் சட்டம் ஏற்கெனவே அளித்திருக்கிறது என்பதையும், அந்த உரிமை எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடைமுறைக்கு வரும் என்பதை மட்டுமே நகரம் தீர்மானிக்கிறது என்பதையும் தெரிந்துகொண்ட பிறகு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், எழுதும் முறையே மாறிவிடும். சலுகை கேட்பவரின் தயக்கத்தோடு எழுதப்படும் விண்ணப்பங்களில் தேவையற்ற விட்டுக்கொடுத்தல்கள் நுழைந்துவிடுகின்றன.

இந்த உரிமை நீதிமன்றம் வழியாக உறுதிப்பட்டது. 2006ஆம் ஆண்டில் உட்டின்வில் நகரிலுள்ள நார்த்ஷோர் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்னும் சபை, 'டென்ட் சிட்டி 4' என்ற இடம்பெயரும் முகாமைத் தன் வளாகத்தில் ஏற்க முன்வந்தபோது, அப்பகுதியில் புதிய நிலப் பயன்பாட்டு அனுமதிகளுக்குத் தற்காலிகத் தடை இருப்பதைக் காரணம் காட்டி, நகரம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பரிசீலிக்க மறுத்தது மாநில அரசியலமைப்பின் முதல் பகுதி 11ஆம் பிரிவு காக்கும் சமயச் சுதந்திரத்தை மீறுகிறது என்று 2009இல் தீர்ப்பு வந்தது. அனுமதியே தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதை விண்ணப்பிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

அடுத்த ஆண்டே, 2010இல், சட்டமன்றம் இதைச் சட்டமாக்கியது. வாஷிங்டன் திருத்தச் சட்டத் தொகுப்பில் நகரங்களுக்கு 35.21.915, கோட் சிட்டி என்ற வகையை (மாநிலத்தின் விருப்பத்தேர்வு நகராட்சிச் சட்டத் தொகுப்பை ஏற்றுக்கொண்டவை) சேர்ந்த நகரங்களுக்கு 35ஏ.21.360, மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளான கவுண்டிகளுக்கு 36.01.290 ஆகிய மூன்று பிரிவுகள் ஏறக்குறைய ஒரே வாசகத்துடன் இருக்கின்றன. உங்கள் நகரம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்து, உரிய பிரிவை அச்சிட்டுக் கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் காக்கத் தேவையானவை தவிர வேறு நிபந்தனைகளை நகரம் விதிக்க முடியாது; அவையும் சமய அமைப்பின் செயல்பாட்டைக் கணிசமாகச் சுமைப்படுத்தக் கூடாது. நகரத்தின் சட்டப் பொறுப்புக்காக ஆலயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது. பரிசீலனைக்கு உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் கட்டணம் வசூலிக்கவும் முடியாது. சட்டம் ஆலயங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. நிலத்தைச் சொந்தமாகவோ தன் கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் எந்தச் சமய அமைப்பும், அது கோவிலாயினும் பள்ளிவாசலாயினும், இதைப் பயன்படுத்தலாம். வாடகை நிலமாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலை முன்னதாகவே வாங்கிவிடுவது நல்லது.

கால வரம்புகள் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தன. வெளிப்புற முகாம் ஒன்றைத் தொடர்ச்சியாக நான்கு மாதங்களுக்குக் குறைவாகவோ, ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் ஆறு மாதங்களுக்குக் குறைவாகவோ நகரம் மட்டுப்படுத்த முடியாது. ஒரே இடத்தில் ஒரு முகாமுக்கும் அடுத்த முகாமுக்கும் நடுவே அதிகபட்சம் மூன்று மாத இடைவெளியைக் கோரலாம். ஒரே நேரத்தில் நகருக்குள் எத்தனை சமய அமைப்புகள் இடம் கொடுக்கலாம் என்று எண்ணிக்கை வைக்க முடியாவிட்டாலும், 1,000 அடிக்குள் இரண்டு முகாம்கள் ஒருசேர நடப்பதைத் தடுக்கலாம். இவற்றுக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. 2020 ஜூன் 11க்கு முன்பே நடைமுறையில் இருந்து, இடம் கொடுப்பதை முற்றிலும் தடை செய்யாமலும், கூட்டரசின் சமய நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை மீறுவதாக நீதிமன்றத்தால் முடிவு செய்யப்படாமலும் இருக்கும் நகர விதிகளை இந்த வரம்புகள் பாதிப்பதில்லை. ஆகவே உங்கள் நகரின் விதி எந்தத் தேதியில் நிறைவேற்றப்பட்டது என்று பாருங்கள். திட்டமிடல் துறையோடு பேசும்போது எழும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு தேதியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

விண்ணப்பத்துக்கு முன் எந்த வடிவில் இடம் கொடுக்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் விதிகள் வேறு. கூடாரங்களுக்குப் பதிலாகச் சிறு வீடுகள் வைத்தால், ஒவ்வொன்றும் 120 சதுர அடிக்கு மிகாமலும் ஒன்றுக்கொன்று குறைந்தது ஆறடி இடைவெளியிலும் இருக்க வேண்டும். பூட்டக்கூடிய கதவும் சன்னல்களும் ஒரு தீயணைப்பானும் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். மின்சாரமும் வெப்பமூட்டும் வசதியும் கொடுத்தால் அவற்றை உள்ளூர் நிர்வாகம் ஆய்வு செய்ய வேண்டும். வாகனங்களிலேயே வாழ்பவர்களுக்கு இரவில் நிறுத்த இடம் கொடுப்பதானால், வளாகத்திலுள்ள பத்து நிறுத்துமிடங்களுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் கீழே நகரம் குறைக்க முடியாது. ஆனால் அவர்களுக்குக் கழிப்பறை வசதி இருந்தாக வேண்டும். முதன்முறையாக இடம் கொடுக்கும் சிறிய சபைக்கு இந்த வாகன ஏற்பாடே ஏற்றது என்பது என் கருத்து.

அடுத்து, முகாமை அன்றாடம் நடத்தப்போவது யார் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் வரும் தன்னார்வலர்களைக் கொண்டு இருபத்துநான்கு மணி நேர முகாமை நடத்த முடியாது. சியாட்டில் பகுதியில் டென்ட் சிட்டி முகாம்கள், தங்குவோரே முறைவைத்துக் காவல், வரவேற்பு, துப்புரவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் தன்னாட்சி முறையில் நடந்துவந்திருக்கின்றன. அத்தகைய அனுபவமுள்ள அமைப்பு ஒன்றுடன் சேர்வது பாதுகாப்பானது.

விண்ணப்பத்தின் உயிர்நாடி இட வரைபடம். பெரும்பாலான நகரங்கள் இதைத் தற்காலிகப் பயன்பாட்டு அனுமதியாகவே கையாளுவதால், விண்ணப்பப் படிவம் சுருக்கமாகவே இருக்கும். அதிகாரிகள் ஊன்றிப் பார்ப்பது வரைபடத்தைத்தான். நில எல்லைகள், கூடாரங்கள் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன, மறைப்பு வேலி, நகர்த்தக்கூடிய கழிப்பறைகள், கை கழுவுமிடம், குடிநீர், குப்பைத் தொட்டி, சமையல் கூடாரம், புகைபிடிக்கும் இடம், இரவு விளக்குகள், காவல் மேசை, தீயணைப்பு வண்டி தடையின்றி நுழையும் பாதை ஆகிய எல்லாவற்றையும் அளவுகளோடு குறியுங்கள். 400 சதுர அடிக்கு மேற்பட்ட கூடாரத்துக்குத் தீப்பாதுகாப்பு விதிகளின்படி தனி அனுமதி தேவைப்படும் என்பதால், பொதுச் சமையலுக்கோ கூட்டத்துக்கோ பெரிய கூடாரம் போடுவதாக இருந்தால் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆலயத்துக்கு விதிக்கப்பட்ட வாகன நிறுத்துமிட எண்ணிக்கையை முகாம் விழுங்கிவிடும் என்றால், ஆராதனை நாட்களில் வண்டிகள் எங்கே நிற்கும் என்பதற்கும் வரைபடத்திலேயே பதில் இருக்கட்டும். அண்டைவீட்டாரின் முதல் புகார் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நகரம் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைக் கோரலாம். அதில் குறைந்தபட்சம் இருக்க வேண்டியவற்றைச் சட்டமே சொல்கிறது: தங்குவோர் சுகாதார, பாதுகாப்பு உதவிகளை நாடும் உரிமை, வளாகத்திலேயே சமூக சேவைகளைப் பெறும் வாய்ப்பு, நிர்வகிக்கும் அமைப்பைப் பற்றிய குறைகளை ஆலயத்திடம் நேரடியாகச் சொல்லும் வாய்ப்பு, எல்லாத் தன்னார்வலர்களும் ஏற்கும் எழுத்துபூர்வமான நடத்தை விதிகள். நிர்வகிக்கும் அமைப்பு பொதுப் பணத்தில் இயங்கினால், தங்குவோரின் தகவல்களை ஆலயத்துடன் பகிர்வதற்கான ஒப்புதல் முறையும் சேர வேண்டும். நகரம் கேட்டால், வயதுவந்த ஒவ்வொருவரின் பெயரும் பாலியல் குற்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று காவல்துறை சரிபார்ப்பதை ஆலயமோ நிர்வகிக்கும் அமைப்போ உறுதிசெய்ய வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரைத் தங்க அனுமதிப்பதா இல்லையா என்னும் அதிகாரத்தை ஆலயத்திடமே சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அந்த முடிவை முகாம் திறந்த பிறகு, ஒரு குறிப்பிட்ட மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு எடுப்பது மிகவும் கடினம் என்பதால், கொள்கையை முன்னரே எழுதி ஆலயக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிவுசெய்யுங்கள்.

பொதுக் கூட்டம் கட்டாயமானது. அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை மட்டுமே விலக்கு. முகாம் திறப்பதற்கு முன் ஆலயமே அதைக் கூட்ட வேண்டும். கூட்டத்தின் நேரம், இடம், நோக்கம் ஆகியவற்றை இயன்றால் ஒரு வாரத்துக்கு முன்பும், எப்படியும் 96 மணி நேரத்துக்கு முன்பும், நகர மன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டப்படி இவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இந்தச் செய்தியை நகர அறிவிப்பின் வழியாக முதன்முதலில் அறிந்தால், கூட்டத்துக்கு வரும்போதே கோபத்தோடு வருவார். போதகரும் குழுவினர் இருவரும் அதற்கு முன்பே சுற்றியுள்ள வீடுகளுக்கும், அருகில் பள்ளி இருந்தால் அதன் தலைமையாசிரியரிடமும் நேரில் சென்று வர வேண்டும். கூட்டத்தில் சட்டப்பிரிவு எண்களைப் படித்துக்காட்டாதீர்கள். இரவு பத்து மணிக்குச் சத்தம் வந்தால் யாரை அழைப்பது, யார் எடுப்பார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதற்குத் தெளிவான பதில் சொல்லுங்கள். முன்பு முகாமில் வாழ்ந்த ஒருவர் சம்மதித்தால் அவரைப் பேச விடுங்கள். அச்சத்தைக் குறைப்பதில் அவருடைய ஐந்து நிமிடங்களுக்கு ஈடாக எதுவும் இல்லை.

அனுமதி கடிதம் வந்ததும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது சுகாதாரத்தையோ பாதுகாப்பையோ சார்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வேலி, தீயணைப்பான், கழிப்பறை எண்ணிக்கை, ஆய்வுக்கு அனுமதி ஆகியவை நியாயமானவை; அவற்றை எதிர்த்து வாதிடுவது வீண். சந்தேகத்துக்குரியவற்றுக்குத் திட்டமிடல் துறையிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முன்பு சொன்ன, 2000ஆம் ஆண்டின் கூட்டரசு சமய நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி, சமயச் செயல்பாட்டைக் கணிசமாகச் சுமைப்படுத்தும் நிலப் பயன்பாட்டு விதிக்குக் கட்டாயமான அரசு நலன் ஒன்றும், அதை நிறைவேற்றுவதற்கு மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள வழி அதுவே என்ற நிரூபணமும் வேண்டும். நகர வழக்கறிஞர்கள் இதை நன்கு அறிவார்கள். மேல்முறையீட்டுக்கான காலக்கெடு குறுகியதாக இருக்கும் என்பதால், கடிதம் கிடைத்த வாரத்திலேயே வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். முகாமால் எழும் சேதங்களுக்கு நகரமும் அதன் அதிகாரிகளும் பொறுப்பாகாதபடி சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆலயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

முகாம் வருவதற்கு முந்தின நாள் வளாகம் முழுவதையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். முடிவுத் தேதிக்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே அடுத்த இடம் எது என்று நிர்வகிக்கும் அமைப்பிடம் கேட்கத் தொடங்குங்கள். அடுத்த ஆலயத்தின் விண்ணப்பம் தாமதமானால் நீட்டிப்புக் கேட்டு நகரத்திடம் போக வேண்டியவர் நீங்கள்தான். கூடாரங்கள் அகன்ற பிறகு அதே இடங்களில் மீண்டும் புகைப்படம் எடுத்து, வந்த புகார்கள், அழைப்புகள், ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வைத்தால், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது இணைக்க வேண்டிய முதல் ஆவணம் அதுவாகவே இருக்கும்.