வீட்டு, அலுவலக நெட்வொர்க்குக்கு எந்த டொமைன் பின்னொட்டு?

நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), பிரிண்டர், இரண்டு கேமரா என்று வீட்டில் சாதனங்கள் சேர்ந்துவிட்டால், 192.168.1.20 என்று ஐபி முகவரி எண்ணை நினைவில் வைப்பதைவிடப் பெயர் சொல்லி அழைப்பது சுலபம். பெயரின் முன்பாதி உங்கள் இஷ்டம். பெயரின் கடைசியில் வரும் டொமைன் பின்னொட்டை மட்டும் வாய்க்கு வந்தபடி வைக்காதீர்கள்; வெளியில் வேறு யாரும் சொந்தம் கொண்டாட முடியாததாக அது இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ‘ஹோம்.ஆர்பா’ போதும். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018-இல் ஆர்எஃப்சி 8375 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய பெயர் இது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டரில் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு ஐபி தருவது), டிஎன்எஸ் (பெயருக்குரிய ஐபியைச் சொல்வது) பக்கத்தில் ‘லேன்’ என்ற பின்னொட்டு இரண்டு கட்டங்களில் இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். ஒன்று சாதனங்களுக்குப் பின்னொட்டைச் சொல்வது, மற்றது அந்தப் பெயர்களுக்கான கேள்வி வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போகாமல் தடுப்பது. பிறகு நாஸுக்கும் பிரிண்டருக்கும் நிலையான ஐபி ஒதுக்கிப் பெயர் கொடுங்கள். கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து மறுபடி இணைத்தால் புதிய பின்னொட்டு வந்து சேரும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ‘.லோக்கல்’ விஷயத்தில்தான். ஒரு காலத்தில் அலுவலக செர்வர்களில் பரவலாக வைத்தார்கள். ஆனால் 2013-இல் ஆர்எஃப்சி 6762 அதை எம்டிஎன்எஸ்ஸுக்கு (செர்வர் இல்லாமல் சாதனங்களே ஒன்றையொன்று பெயர் கேட்டுக்கொள்ளும் முறைக்கு) ஒதுக்கிவிட்டது. அப்படி முடியும் பெயரைக் கேட்டால் ஆப்பிள் சாதனங்களும் பல லினக்ஸ் கணினிகளும் உங்கள் டிஎன்எஸ் செர்வரைக் கேட்காமல், 224.0.0.251 முகவரியில் 5353 போர்ட்டில் பக்கத்துச் சாதனங்களிடம் விசாரிக்கும். அதனால் பெயர் தேடும் கட்டளையான என்எஸ்லுக்அப் சரியான ஐபியைக் காட்டும், இணைப்பைச் சோதிக்கும் பிங் மட்டும் ‘பெயர் தெரியவில்லை’ என்னும். முன்னது நேராக டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது, பின்னது கணினியின் பெயர் தேடும் வரிசைப்படி போகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

சொந்தமாகக் கற்பனை செய்த பின்னொட்டும் ஆபத்து. ‘.டெவ்’ கூகுளுடையது; 2017 டிசம்பரில் குரோம் 63 அந்தப் பின்னொட்டு முழுவதற்கும் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கியதும் பலருடைய சோதனைத் தளங்கள் திறக்கவில்லை. ஏவிஎம் ரவுட்டர்கள் பயன்படுத்தும் ‘ஃபிரிட்ஸ்.பாக்ஸ்’ பெயரை 2024 ஜனவரியில் வெளியாள் ஒருவர் பதிவே செய்துவிட்டார். ‘.லேன்’ இன்று வேலை செய்கிறது, ஆனால் யாரும் ஒதுக்கித் தந்ததல்ல.

அலுவலகத்துக்கு, நீங்கள் காசு கட்டி வைத்திருக்கும் டொமைனின் கீழே ஒரு துணை டொமைன்தான் எங்கள் தேர்வு. ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவு மூலமே வாங்கலாம், செர்வரை இணையத்துக்குத் திறக்க வேண்டாம். சான்றிதழில் உள்ள பெயர்கள் பொதுப் பதிவேட்டில் தெரியும். மறைக்க வேண்டுமென்றால் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் வாங்குங்கள். ஆக்டிவ் டைரக்டரி (பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) வைக்கப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே பெயரை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றுவது நரக வேதனை.

டொமைன் இல்லாத அலுவலகத்துக்கு ‘.இன்டர்னல்’ உண்டு, 2024 ஜூலையில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கியது. பொதுச் சான்றிதழ் கிடைக்காது. நீங்களே ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) உருவாக்கி ஒவ்வொரு கணினியிலும் போனிலும் ஏற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக வைத்தும் பிரவுசரில் மட்டும் பெயர் திறக்கவில்லையா? அதன் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ அமைப்பை அணைத்துப் பாருங்கள். அது உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியில் போய்க் கேட்கிறது. பிரவுசர் பெயரைத் தேடுசொல்லாக எடுத்துக்கொண்டால் கடைசியில் ஒரு சாய்கோடு போடுங்கள்.