காலனைத் திட்டும் கவிதைகளை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மரணத்தைப் பற்றிய கவிதைகளை நாம் பழக்கத்தில் இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். அழுதால் இரங்கல் பாட்டு, எமனைத் திட்டினால் வீரப் பாட்டு. நான் பார்த்தவரை இதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

புறநானூற்றின் 255ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வன்பரணர் பாடியது, சின்னப் பாட்டு. காட்டு வழியில் கணவன் இறந்து கிடக்கிறான், பக்கத்தில் மனைவி மட்டும். "ஐயோ" என்று கத்தலாம் என்றால் புலி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அணைத்துத் தூக்கலாம் என்றால் அவனுடைய அகன்ற மார்பைத் தூக்க முடியவில்லை. அப்புறம்தான் சாபம் வருகிறது: உனக்கு இப்படிச் செய்த அறமில்லாத கூற்றம் என்னைப் போலவே நடுங்கட்டும். சரி, அதோடு முடிகிறதா என்றால் இல்லை. உடனே அவனைப் பார்த்து, வளையல் அணிந்த என் முன்கையைப் பிடித்துக்கொள், அந்த மலை நிழலுக்குப் போய்விடலாம், "நடத்திசின் சிறிதே", கொஞ்சம் நட என்கிறாள். எமனையே சபிக்கிற வாய், அடுத்த நொடியில் செத்தவனை நடக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. அந்தச் சாபத்தை மட்டும் எடுத்து "பெண்ணின் வீரம்" என்று தலைப்புப் போட்டால் புலியும் போய்விடும், தூக்க முடியாத அந்த உடம்பின் கனமும் போய்விடும். அவள் எதிர்ப்பதற்குக் காரணமே அந்தக் கனம்தான்.

அடுத்த தவறு, இரண்டு வரியைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடுவது. பாரதியின் "காலா! உனைநான் சிறு புல்லென மதிக்கிறேன்" இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆரம்பம் எல்லோருக்கும் மனப்பாடம், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கீழே முதலையிடம் சிக்கிக் கதறிய யானை வருகிறது, மார்க்கண்டன் வருகிறான், அவன் உயிரைப் பறிக்கப் போய் எமன் பட்ட பாடு வருகிறது. பாரதி வெறுங்கையோடு எமனை மிதிக்கவில்லை, அவர் நம்பிய தெய்வங்களும் பழங்கதைகளும் பின்னால் நிற்கின்றன. அதையெல்லாம் வெட்டிவிட்டால் மிஞ்சுவது சவடால்தான். அந்தப் பாட்டுக்கு அது பெரிய அநியாயம்.

வெல்ஷ் கவிஞர் டிலன் தாமஸ் 1951இல் வெளியிட்ட கவிதைக்கும் இதே கதிதான். ஒளி அணைவதை எதிர்த்துச் சீறு என்ற அதன் அடியை உற்சாக வாசகமாகப் போடாத இடமே இல்லை. மொத்தம் 19 அடிகள். ஞானிகள், நல்லவர்கள், அடங்காதவர்கள் என்று வரிசையாக மற்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்து, கடைசி நான்கு அடிகளில்தான் "என் தந்தையே" என்கிறார். திட்டினாலும் சரி, வாழ்த்தினாலும் சரி, கண்ணீரோடு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார். கட்டளை போலக் கேட்ட குரல் ஒரு மகனின் கெஞ்சல் என்று அங்கே போய்த்தான் தெரியும். அதற்குப் பிறகு முதலிலிருந்து வாசித்தால் அது வேறு கவிதை. இரண்டு அடிகள் நான்கு நான்கு முறை திரும்ப வருவதை வெறும் வடிவ அலங்காரம் என்று தள்ளிவிடுபவர்கள் ஒப்பாரியை நினைத்துப் பார்க்கலாம். துக்கத்தில் இருப்பவர் ஒரே வாக்கியத்தைத்தானே மாற்றி மாற்றிச் சொல்கிறார்?

கவிஞரின் சாவை வைத்துக் கவிதைக்குத் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம். பாரதி 1921இல் 38 வயதில் இறந்தார். தாமஸின் தந்தை 1952இல் போனார், மறு வருடம் 39 வயதில் மகனும். "பார், எமன்தானே ஜெயித்தான்" என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எமனைத் தோற்கடித்துவிடலாம் என்று நம்பியா எதிர்த்தார்கள்? 255ஆம் பாட்டில் சபிப்பவளுக்கு அவன் எழுந்திருக்க மாட்டான் என்பது தெரியாதா?

தத்துவத்தைக் கண்டதும் துயரம் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது இன்னொரு தவறு. தாய் இறந்தபோது பட்டினத்தார் பாடியதாக வழங்கும் பாடல்களிலிருந்து "எல்லாம் சிவமயமே" என்ற முடிவை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பாடல்களில்தான் ஆத்தாளுக்கு வாய்க்கரிசியா நான் போடுவேன் என்று அவர் மறுக்கிறார், முகத்தோடு முகம் வைத்து முத்தமிட்டு "மகனே" என்று அழைத்த வாயை நினைக்கிறார். "யானும் இட்டதீ மூள்க மூள்கவே" என்ற அடியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் துறந்தவர் தாயைத் துறக்க முடியாமல் நிற்பது அதில் கேட்கும். ஆறுதல் வந்ததா வரவில்லையா என்பதைவிட, அதற்கு முன் அவர் எதையெல்லாம் ஏற்க மறுத்தார் என்பதில்தான் எனக்கு அந்தப் பாடல்கள் உயிரோடு இருக்கின்றன.

எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "மரணமே, உனக்கு இரக்கமில்லையா" என்று நேராக மரணத்தைக் கூப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் எடுபடுவதில்லை, ஏனென்றால் மரணத்துக்கு முகம் கிடையாது. கோபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பொருள் வேண்டும். குடவாயிற் கீரத்தனார் புறநானூற்றின் 242ஆம் பாட்டில் வல்வேல் சாத்தன் என்ற வீரன் இறந்ததற்கு எமனைத் தேடிப் போகவில்லை. இளைஞர்கள் சூடவில்லை, வளையல் அணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணன் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, ஒல்லையூரில் பூத்து நிற்கிற கொடியைப் பார்த்து "முல்லையும் பூத்தியோ" என்கிறார். அவன் போன பிறகு நீயுமா பூத்தாய்? அந்த முல்லை என்ன பாவம் செய்தது, அதற்குப் பருவம் வந்தது, பூத்தது. ஆனாலும் அவருக்கு அதன்மேல்தான் கோபம்.