வசனம் கேட்கவில்லை, சண்டை மட்டும் காதைப் பிளந்தது

ராத்திரி படம் போட்டால் எங்கள் வீட்டில் ரிமோட்டுக்குத்தான் அடிதடி. வசனம் முணுமுணுப்பாக வரும். சத்தத்தை ஏற்றினால் அடுத்த காட்சியிலேயே சண்டை, பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். “எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது” என்று அப்பா சாதிப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. 5.1 ஒலியில் (ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகப் பிரித்த ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே போகும். எங்கள் டிவியில் இருப்பதோ 2 ஸ்பீக்கர். ஆறையும் அந்த இரண்டில் கலக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது.

படம் ஓடும்போதே ஆடியோ மெனுவில் 5.1-ஐ விட்டு, 2 ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றினேன். அப்புறம் டிவி செட்டிங்கில், பேச்சைத் தூக்கிக் காட்டும் ஒலி மோடைப் போட்டேன் (பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). பெரும்பாலும் சரியாகிவிட்டது. எல்லா ஒலியும் ஒரே தடத்தில் இருக்கும் மோனோவில் வந்த பழைய படங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அம்மா மட்டும் இன்னும் அப்பாவைக் காது டாக்டரிடம் போகச் சொல்கிறார்.