கூரையைப் பார்த்துக் கோடு போடுவது: தாராவியில் ஒரு ஜிஐஎஸ் பயிற்சி

தாராவி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவோம். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அது எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போடச் சொன்னால்தான் கை நடுங்கும். அந்தக் கோட்டைப் போடக் கற்றுக்கொள்வதுதான் இந்த ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் வரைந்து அளக்கும், பயிற்சி. ஒரு கணினி, இணையம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படமும் மென்பொருளும் இலவசம்.

1. முதலில் பேனாவை எடுங்கள்

எதைக் குடிசைப்பகுதி என்று சொல்லப்போகிறீர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு வரையறை வைத்திருந்தது. குறைந்தது 300 பேர், அல்லது 60 முதல் 70 குடும்பங்கள், மோசமாகக் கட்டிய வீடுகளில் நெருக்கியடித்து வாழும் இடம். கழிப்பிடம், குடிநீர் வசதி சரியாக இல்லாத இடம். இதில் மேலிருந்து தெரிவது நெருக்கம் மட்டும்தான். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

அதனால் கண்ணுக்குத் தெரிவதை வைத்து நான்கு வரி எழுதுங்கள். சின்னச் சின்னக் கூரைகள், ஒழுங்கில்லாத வரிசை, கண்ணில் படாத சந்துகள், மரமே இல்லாமை. படத்தைத் திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் ஒரு விதி, மதியம் ஒரு விதி என்று போய்விடும்.

2. கியூஜிஸ்

கியூஜிஸ் என்பது வரைபடம் வரையும் இலவச மென்பொருள். அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்கி நிறுவுங்கள். புதிய புராஜெக்ட் திறந்து, வலது கீழ் மூலையில் ஆயமுறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை, ஈ.பி.எஸ்.ஜி 32643 என்று மாற்றுங்கள். யு.டி.எம் என்பது உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் முறை. மும்பை அதில் 43 வடக்கு மண்டலத்தில் வருகிறது. அளவுகள் மீட்டரில் கிடைக்கும். சென்னைக்குச் செய்தால் 32644.

3. இரண்டு படங்கள்

ஒன்று, கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம். ஜனவரி, பிப்ரவரி தேதிகளைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைமேல் மேகம்தான். மழைக்கு முன்பே கூரைகளில் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும், ஆஸ்பெஸ்டாஸ் எது, தகரம் எது என்று பிரித்தறிய முடியாது.

இந்தப் படத்தின் ஒரு புள்ளி, தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். தாராவியில் ஒரு குடும்பம் இருக்கும் அறை பத்துக்குப் பத்து, ஆனால் அடியில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே புள்ளிக்குள் பத்து வீடு. தனி வீட்டை இதில் தேடுவது வீண். பகுதியின் மொத்த அடையாளத்தைப் பிடிக்கத்தான் இது.

வீட்டுக் கூரை தெரிய இரண்டாவது படம் வேண்டும். கியூஜிஸில் குயிக்மேப்சர்வீசஸ் என்ற பிளகினை (கூடுதல் நிரலை) நிறுவி, அமைப்புகளில் கான்ட்ரிபியூட்டட் பேக்கைச் சேர்த்தால் பிங், எஸ்ரி படங்கள் பட்டியலில் வந்துவிடும். வரைந்ததை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கூகுள் படத்தின்மேல் வரையாதீர்கள். உரிமம் இடம் தராது.

4. நிறத்தை மாற்றுங்கள்

சென்டினலின் பி02 (நீலம்), பி03 (பச்சை), பி04 (சிவப்பு), பி08 (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) கோப்புகளை இதே வரிசையில் 'பில்ட் விர்ச்சுவல் ராஸ்டர்' கருவியில் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனி பேண்டாக (நிற அடுக்காக) வைக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். சிம்பாலஜி என்ற நிற அமைப்பில் சிவப்புக்கு 4, பச்சைக்கு 3, நீலத்துக்கு 2. இவை நீங்கள் கொடுத்த கோப்புகளின் வரிசை எண்கள்; 4 என்றால் பி08. இப்போது செடிகொடி எல்லாம் சிவப்பாகத் தெரியும்.

தாராவியின் வடக்கே மித்தி ஆற்றையொட்டி மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ரத்தச் சிவப்பாக ஒளிரும். பழைய குப்பைக் கிடங்கின்மேல் வளர்த்த காடு அது. அதற்குத் தெற்கே, சிவப்பே கலக்காத சாம்பல் திட்டு ஒன்று பரந்து கிடக்கும். நாம் தேடுவது அதைத்தான்.

5. கோடு

ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் புதிய பாலிகன் (மூடிய எல்லை வரையும்) லேயர் ஒன்று. அதில் மூன்று நிரல்கள்: பெயர், படத்தேதி, உறுதி. கடைசியதுதான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்றால் 1, சந்தேகம் என்றால் 2, ஊகம் என்றால் 3.

மாஹிம், சயான் பக்கம் ரயில் பாதைகள் இருப்பதால் எளிது. சிக்கல் உள்ளே இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பலகைகள் நிறைந்த 90 அடி சாலைப் பக்கம் நெருக்கிப் பாருங்கள். குட்டிக் கூரைகளுக்கு நடுவே நீண்ட நிழல் விழும். நிழல் நீண்டால் அது மாடிக் கட்டடம், பெரும்பாலும் மறுகுடியமர்வுக் குடியிருப்பு. அதைச் சுற்றி ஓட்டை போட்டு வெளியே விடுங்கள். தாராவி என்ற பெயர் வேறு, நீங்கள் எழுதிய விதி வேறு.

நான் முதல் தடவை வரைந்தபோது ரயில் பாதையோரக் கிடங்குகளையும் சேர்த்துவிட்டேன். தகரக் கூரைதான், நெருக்கமும்தான். ஆனால் ஒவ்வொரு கூரையும் முப்பது மீட்டர் நீளம். அளவுகோல் கருவி மேலேயே இருந்தது, தொடக்கூட இல்லை.

இன்னொன்று. பிங்கும் எஸ்ரியும் சில மீட்டர் விலகி நிற்கும். ஒரே சாலைச் சந்திப்பை இரண்டிலும் ஒப்பிட்டுவிட்டு, ஒன்றை மட்டும் வைத்து வரையுங்கள்.

6. பரப்பு சரி, ஆள்கணக்கு வேண்டாம்

ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்பை எடுத்து 10,000-ஆல் வகுத்தால் ஹெக்டேர். அப்புறம் உடனே ஒரு ஆசை வரும்: கூரையை எண்ணி, ஐந்தால் பெருக்கினால் மக்கள்தொகை வந்துவிடாதா? வராது. செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி கண்டுபிடித்த கட்டடங்களின் தொகுப்பான கூகுளின் ஓபன் பில்டிங்ஸ் தரவில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும் கூரைகள் ஒரே கட்டடமாகச் சேர்ந்துவிடுவதுண்டு. தாராவியில் கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே குடும்பம். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே கூரை. ஊகம் எவ்வளவு தவறும் என்பதற்கு ஓர் உதாரணம்: கென்யாவின் நைரோபியிலுள்ள கிபேரா குடிசைப்பகுதியில் பத்து லட்சம் பேர் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009 கணக்கெடுப்பில் வந்தது சுமார் 1.7 லட்சம்.

7. தாளோடு போங்கள்

ஏ3 தாளில் அச்சிட்டு, அங்கே குடியிருப்பவர் ஒருவரோடு நடந்து பாருங்கள். உறுதி 2, 3 என்று குறித்த இடங்களுக்கு முதலில். பொதுக் கழிப்பறை, தண்ணீர் வரும் இடம், மேல்மாடி எல்லாவற்றையும் பேனாவில் குறியுங்கள். அரசுப் பட்டியலில் இல்லாத சிறு குடியிருப்பாக இருந்தால், அங்குள்ளவர்களைக் கேட்காமல் எல்லையை இணையத்தில் போடாதீர்கள். இடிக்க வருபவரும் அதே வரைபடத்தைத்தான் திறப்பார்.

திரும்பி வந்ததும் திருத்தங்களை இரண்டாவது லேயரில் வேறு நிறத்தில் வரையுங்கள். முதல் லேயரை அழிக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், உங்கள் கண் எந்த மாதிரிக் கூரையில் ஏமாறுகிறது என்று தெரியும்; அடுத்த பகுதியை வரையும்போது அங்கே மட்டும் நிதானமாகப் போகலாம்.