செவர்லே சி10 டிரக்கின் பின் அச்சுக்குக் கியர் விகிதம் தேர்ந்தெடுத்தல்

பழைய செவர்லே சி10 டிரக்கில் எஞ்சினையும் டயரையும் மாற்றியவர்கள், பின் அச்சின் விகிதத்தையும் அவற்றோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். முதலில் இப்போதுள்ள விகிதத்தை உறுதிசெய்யுங்கள்: கிரவுன் வீலின் (பின் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரம்) பற்களைப் பினியனின் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) பற்களால் வகுத்தால் விடை கிடைக்கும், 41 பற்களும் 11 பற்களும் இருந்தால் அது 3.73.

அடுத்து, நெடுஞ்சாலையில் நீங்கள் வழக்கமாகச் செல்லும் வேகத்தை மணிக்கு எத்தனை மைல் என்று எடுத்து, அதை அச்சு விகிதத்தாலும், மேல் கியரின் விகிதத்தாலும், 336 என்ற மாறிலியாலும் பெருக்கி, அங்குலத்தில் அளந்த டயர் விட்டத்தால் வகுத்தால், நிமிடத்திற்கான எஞ்சின் சுழற்சி தெரிந்துவிடும். 28 அங்குல டயர், 3.73 விகிதம், 65 மைல் வேகம் என்று கொண்டால், மூன்று கியர் கொண்ட, மேல் கியர் 1.00 ஆன டிஎச்350 கியர் பெட்டியில் எஞ்சின் ஏறத்தாழ 2,900 முறை சுழலும்; நான்காம் கியர் 0.70 ஆன 700ஆர்4 பெட்டியிலோ 2,040 முறைதான். ஆகவே ஓவர்டிரைவ் (விகிதம் 1-ஐவிடக் குறைந்த மேல் கியர்) இல்லாத டிரக்கில் அன்றாடம் தொலைதூரம் ஓட்டுபவருக்கு 4.10 விகிதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரைச்சலும் எரிபொருள் செலவும் அவரை வாட்டும். 700ஆர்4 உள்ளவர் தயங்காமல் 3.73-ஐத் தேர்ந்தெடுக்கலாம்.

டயரை 31 அங்குலமாக உயர்த்தினால் அதே 3.73 நடைமுறையில் 3.37 போலவே இயங்கும்; இழந்த இழுவையை 4.10 மீட்டுத்தரும். கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே மாற்றி, பல் இடைவெளியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் அமைத்துக்கொள்ளுங்கள். வேகமானியையும் திருத்த வேண்டியிருக்கும்.