"டிப் பண்ணிட்டேன் அண்ணா"

போன ஞாயிறு பர்கூரில் ஒரு தம்பியின் ரீஃப் டேங்கை, அதாவது பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். ஜோவா என்கிற மென்பவளத்தின் பாலிப்கள் (பூ மாதிரி விரியும் சின்ன உயிர்கள்) நாலு நாளாக வாயே திறக்கவில்லை. "டிப் பண்ணித்தான் போட்டேன் அண்ணா" என்றார். பூச்சி போக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாராம். நானும் ஒரு காலத்தில் சொன்ன அதே வசனம். ஃப்ளோரைடு ஏறிய நம்மூர் போர் தண்ணீரை ஊற்றாதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது நாம் செய்கிற வேறு சில தப்புகளை.

ஒரே டிப்போடு நிறுத்துவது

பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் அறுபது பாலிப் உள்ள ஜோவா வந்தது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பத்தரைக்கு வாங்கி, வீட்டில் அயோடின் டிப்பில் ஆட்டினேன். ஜோவாவைத் தின்னும் நாலு நுடிபிராங்க் (ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை) விழுந்தன. தொலைந்தது சனியன் என்று நேரே டேங்கில் வைத்தேன். மூன்று வாரத்தில் மிச்சம் பதினொன்று. போன காசை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டிப் நுடிபிராங்கைக் கொல்லும், முட்டையைத் தொடாது. அதுதான் விஷயம். மாமரத்துத் தத்துப்பூச்சிக்கு ஒரு தெளிப்பு போதாது என்று நம் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். டேங்க் என்றதும் மறந்துவிடுகிறோம்!

இந்த நுடிபிராங்க் தின்கிற ஜோவாவின் நிறமே அதன் உடம்பிலும் ஏறிவிடும். முதுகில் இருக்கும் குஞ்சமும் பாலிப்பின் விளிம்பு போலவே இருப்பதால் பகலில் கண்ணுக்குச் சிக்காது. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடியுங்கள். முட்டை இருப்பது பாலிப்பின் தண்டிலும் அடிக்கல்லிலும்: கடுகளவு, வெள்ளை நூலைக் கொசுவர்த்தி போலச் சுருட்டி ஒட்டியது மாதிரி. பர்கூர் தம்பியின் ஜோவாவில் அப்படி இரண்டு சுருள் இருந்தது. செல்போனில் பெரிதாக்கிக் காட்டும்வரை அவர் நம்பவில்லை.

இப்போதெல்லாம் ஜோவா ஒட்டி வந்த அடிக்கல்லைத்தான் முதலில் கழற்றி எறிவேன். பழைய டூத் பிரஷால் தண்டை மெதுவாகத் தேய்த்து, டிப் செய்து, வேறு உப்புத்தண்ணீரில் அலசி, தனிச் சின்னத் தொட்டியில் வைப்பேன். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மறுபடி டிப். குறைந்தது ஒரு மாதம். "ஒரு மாசமா?" என்று இழுப்பவர்களிடம் நான் பேசுவதில்லை.

ஐப்டேசியாவைச் சுரண்டுவது

டேங்கில் களை மாதிரிப் பரவும் கடல் அனிமோன் இது. பிய்ந்த ஒவ்வொரு துணுக்கும் புது ஐப்டேசியா. சுத்தமான நீற்றிய சுண்ணாம்புப் பொடியை ஆர்.ஓ. தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்தி, சிரிஞ்சால் அதன் வாயை மூடுங்கள். ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் பி.எச். (காரத்தன்மை) ஏறிவிடும்.

இறாலில் ஏமாறுவது

ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் என்று எனக்குக் கேமல் இறாலைத் தலையில் கட்டினார்கள். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு ஜோவாவைக் கொறித்தது. கூன் முதுகும் பளிச்சென்ற வெள்ளைக் கோடும் இருந்தால் வாங்காதீர்கள்.

முள்புழுவைக் கண்டு பதறுவது

கழிவைத் தின்னும் பிராணி. விடுங்கள்.

கடினப் பவளம்

வனவிலங்குச் சட்டம் 1972, முதல் அட்டவணை. வாங்குகிற பேச்சே இல்லை.

கல்லைக் கொதிக்க வைப்பது

பூச்சி வந்த கல்லை அடுப்பில் ஏற்றி வேகவைக்கும் யோசனையைப் பர்கூர் தம்பியும் சொன்னார். அலறிவிட்டேன். ஜோவாவோ அதன் உறவான பாலிதோவாவோ ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தால் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு கிளம்பும். இப்படிக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. பாலிப்பை வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.